துணைப்பாடமாக ஆக்க எழுத்து: அமெரிக்கப் பல்கலைக்கழக வரலாற்றின் ஒரு பக்கம்

ஆக்க இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்க முடியுமா என்ற வினா எழும்போதெல்லாம் இருவகை விடைகளே பெரும்பாலும் கூறப்படுகின்றன. படைப்பாற்றல் பிறவிக் கொடை. அதனை வகுப்பறையிற் புகட்டவியலாது என்பது ஒன்று. சிற்பத்தையும் இசையையும் கற்பிக்கலாமெனின் எழுத்தையும் கற்பிக்கலாம் என்பது மற்றையது. ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும் இவ்விரு விடைகளுக்கும் அடிப்படையான எடுகோள் ஒன்றே. எழுத்துப் பாடநெறி எழுத்தாளரை உருவாக்குவதற்கென்றே ஏற்பட்டது என்பதே அவ்வெடுகோள். இத்துறை முதன்முதலில் நிறுவனமயப்பட்ட ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வெடுகோள் மிகப் பிற்பட்டதென்பது புலனாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆக்க எழுத்து இன்று மூன்று நிலைகளிற் கற்பிக்கப்படுகின்றது. முதுமாணி நிலையிற் பயில்வோர் தொழில்முறை எழுத்தாளராக விரும்புவோர். கலைமாணிப் பட்டத்துக்கு அதனையே முதன்மைப் பாடமாகக் கொள்வோர் உளர். உயிரியலையோ பொருளியலையோ பொறியியலையோ முதன்மைப் பாடமாகக் கற்றுக்கொண்டு, அதனருகே ஆக்க எழுத்தைத் துணைப்பாடமாகக் கொள்வோர் மூன்றாவது வகையினர். ஆய்வாளரின் கண் பெரும்பாலும் முதல் வகையினர்மீதே பதிந்துள்ளது. மார்க் மக்கேர்ள் 2009இலும் எரிக் பெனற் 2015இலும் வெளியிட்ட நூல்கள் போருக்குப் பிற்பட்ட அமெரிக்க இலக்கியத்துக்கும் முதுமாணிப் பட்டறைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வன. புகழ்பெற்ற அயோவாப் பட்டறையோ புனைகதைக்கும் கவிதைக்குமாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது பேரையே சேர்த்துக்கொள்வது. துணைப்பாட மாணவன் பட்டியலின் அடியில் நிற்பவன். அவனைப்பற்றி எழுதுவதால் ஆய்வாளருக்குப் புகழ் சேர்வதுமில்லை. எனினும் இத்துறையின் மூலநோக்கத்துக்கு மிக அண்மையில் நிற்பவன் அவனே என்பது இக்கட்டுரையின் துணிபு.

துணைப்பாடம் என்ற ஏற்பாடே ஒரு வரலாற்று விளைபொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பெரும்பாலும் ஒரே பாடவிதானத்தையே கற்றனர். இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறவியல் ஆகியன அதன் தூண்கள். மதகுருமாரையும் நியாயவாதிகளையும் வேண்டி நின்ற சமுதாயத்துக்கு அது போதுமானதாயிருந்தது. உள்நாட்டுப் போரின் (1861–1865) பின்னர் புகையிரதப் பாதைகளும் உருக்காலைகளும் பெருங் கம்பனிகளும் பெருகியபோது வேறுவகைப்பட்ட படித்தவர் தேவைப்பட்டனர். 1869இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்ள்ஸ் எலியட் இரசாயனவியல் பேராசிரியராயிருந்தவர். மாணவர் தாம் விரும்பும் பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை அவர் படிப்படியாக விரிவாக்கினார். 1877இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்ற பாகுபாடு இடம்பெற்றது. முன்னதற்கு இரண்டாண்டுக் கல்வியும் பின்னதற்கு ஓராண்டுக் கல்வியும் வேண்டப்பட்டன. எலியட்டின் பின் 1909இல் ஹார்வார்ட் தலைவரான லோவல், கட்டற்ற தெரிவினால் மாணவர் எதனையும் ஆழமாகக் கற்பதில்லையென்று கருதி, ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளிற் பரப்பும் வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். சிறப்புத் தேர்ச்சியை வேண்டிய முதலாளித்துவ உற்பத்தி முறைக்கும் முழு மனிதனை உருவாக்குதல் என்ற பழைய கல்வி இலட்சியத்துக்கும் இடையே ஏற்பட்ட சமரசமே துணைப்பாடம் எனலாம்.

ஆங்கில எழுத்துப் பயிற்சி பல்கலைக்கழகத்தினுள் நுழைந்ததும் இச்சூழலிலேயே. கிரேக்கமும் இலத்தீனும் அரியணையிலிருந்து இறங்கியபோது தாய்மொழிக்கு இடம் கிடைத்தது. 1880இல் ஹார்வார்ட்டில் ஆசிரியராகச் சேர்ந்த பரட் வென்டல், 1884 முதல் ஆங்கிலம் 12 என்ற எண்ணுடைய உயர்நிலைக் கட்டுரைப் பாடநெறியை நடத்தினார். மாணவர் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எதையேனும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தெருவிற் கண்ட காட்சி, விடுதியிற் கேட்ட உரையாடல், மனத்தில் எழுந்த எண்ணம் எதுவாயினும் சரி. தானாகக் கண்டதாயிருத்தல் வேண்டும் என்பதே விதி. இன்று சாதாரணமாகத் தோன்றும் இப்பயிற்சி அன்று ஒரு புரட்சியே. அதற்கு முன்னர் மாணவர் எழுதிய கட்டுரைகள் நீதி, துணிவு, காலத்தின் அருமை முதலிய பொதுத் தலைப்புகளில் முன்னோர் கூற்றுக்களைக் கோத்துக் கட்டிய மாலைகளாகவே இருந்தன. எமது பாடசாலைகளிற் கட்டுரைப் பயிற்சி பெற்றோருக்கு அம்மாலைகளின் மணம் புதிதன்று.

வென்டல் முற்போக்காளரல்லர். இங்கிலாந்தின் பிரபுத்துவப் பண்பாட்டின்மீது தீராத மோகங்கொண்டவர். 1900இல் அவர் எழுதிய அமெரிக்க இலக்கிய வரலாறு நியூ இங்கிலாந்தைத் தாண்டிச் செல்லத் தயங்கும் நூல். ஆயினும் அவருடைய வகுப்பிலிருந்த மாணவரொருவரின் கதை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், கறுப்பின மாணவருக்கான பிஸ்க் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று 1888இல் ஹார்வார்ட்டுக்கு வந்தார். கட்டாய ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது சித்தியடையாப் புள்ளி. தன் இனத்தவர்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளையிட்டுக் கொதித்தெழுந்து எழுதிய அவர், எழுத்துநடை பற்றியோ இலக்கணம் பற்றியோ கவலைப்படவில்லை. அப்புள்ளி அவரைச் சிந்திக்க வைத்தது. சொல்லவேண்டிய செய்தி எத்துணை உண்மையானதாயினும் சொல்லும் முறை பழுதுபட்டிருப்பின் அச்செய்தியே தோற்கும் என்பதை அவர் உணர்ந்தார். 1890 இலையுதிர் காலத்தில், மெய்யியலிற் கலைமாணிப் பட்டம் பெற்று வரலாற்றில் மேற்படிப்பைத் தொடங்கியிருந்த வேளையில், வென்டலின் ஆங்கிலம் 12 வகுப்பிற் சேர்ந்தார். உலகுக்குச் சொல்ல ஏதோ தன்னிடம் இருப்பதாகத் தான் நம்புவதாகவும் அதனைச் செம்மையாகச் சொல்வதற்கே இப்பாடத்தைத் தெரிந்ததாகவும் அவர் அவ்வகுப்பில் ஒரு கட்டுரையில் எழுதினார். வென்டல் அப்பகுதியை வகுப்பிலே வாசித்துக் காட்டினார். பல்லாண்டுகளின் பின் தன்வரலாறு எழுதியபோதும் டு போய்ஸ் இச்சம்பவத்தை மறக்கவில்லை.

அவர் எழுத்தாளராகப் பயிற்சி பெற அங்கு செல்லவில்லை. வரலாற்றாய்வே அவருடைய முதன்மைத் துறை. அடிமை வாணிப ஒழிப்புப் பற்றிய ஆய்வுக்காக 1895இல் ஹார்வார்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தை அங்கு பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1899இல் பிலடெல்பியா நகரக் கறுப்பின மக்களைப்பற்றி வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டி எழுதிய சமூகவியல் நூல் வெளிவந்தது. 1903இல் வெளிவந்த 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்ற நூலின் பதினான்கு இயல்களுள் வரலாறு உண்டு, பொருளியல் உண்டு, மகனை இழந்த தந்தையின் புலம்பல் உண்டு, ஒரு சிறுகதையும் உண்டு. ஜோர்ஜியா மாநிலப் பருத்தித் தோட்டக் குடியானவனின் கடன்சுமையை அவர் அந்நூலில் விவரிக்கும் இடத்திற் புள்ளிவிபரமும் கண்ணீரும் ஒரே வாக்கியத்திற் கலந்து நிற்கும். துணையாகக் கற்ற எழுத்து முதன்மைத் துறைக்குள் ஊடுருவியமையால் விளைந்த பயன் இது. ஹார்வார்ட்டின் பாடவிதான வரலாறு இதற்கு மேல் எதனைச் சாதித்திருப்பினும், இந்த ஒன்றே அதன் நியாயத்துக்குப் போதும் என்று கூறத் தோன்றுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடக எழுத்தைக் கற்பித்தார். அவருடைய ஆங்கிலம் 47 பாடநெறியையொட்டி எழுந்த '47 பட்டறை' என்ற அமைப்பிலிருந்தே பட்டறை என்ற சொல் இத்துறையில் வழக்கூன்றியது என்பர். நாடகாசிரியர் யூஜின் ஓநீல் 1914–15இல் பேக்கரிடம் பயின்றவர்.

ஆக்க எழுத்து என்ற பெயரும் கருத்தும் பாடத்துறைக்கு உரியனவாக நிலைபெற்றது பல்கலைக்கழகத்திலன்று, ஒரு பாடசாலையில். இதனை டி. ஜி. மையர்ஸ் 1996இல் வெளியிட்ட தமது வரலாற்று நூலில் நன்கு எடுத்துக்காட்டியுள்ளார். கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த லிங்கன் பாடசாலை 1917இல் தொடங்கப்பட்டது. ஜோன் டூயியின் கல்விச் சிந்தனைகளின் செல்வாக்குக்கு உட்பட்டது அது. செய்து கற்றல், அனுபவத்தைக் கல்வியின் மூலப்பொருளாகக் கொள்ளல் என்பன அங்கு நடைமுறையாக இருந்தன. 1920 முதல் 1925 வரையில் அங்கு ஆசிரியராயிருந்த ஹியூஸ் மேர்ன்ஸ், இலக்கண வரைவிலக்கணங்களைத் தூர வைத்துவிட்டு, மாணவரைக் கவிதை எழுதத் தூண்டினார். அவருடைய அனுபவங்கள் 1925இலும் 1929இலும் இரு நூல்களாக வெளிவந்து நாடெங்கும் ஆசிரியரிடையே பரவின. இம்மாணவர்கள் கவிஞராகப் போகிறவர்கள் என்று அவர் எண்ணவுமில்லை. அதனை விரும்பியதாகவும் தெரியவில்லை. எழுதிப் பார்த்தவனே இலக்கியத்தை உள்ளிருந்து அறிவான். தன் அனுபவத்துக்குத் தன் சொல்லைத் தேடியவனே பிறர் சொல்லுக்கு அடிமையாகான் என்பதே அவர் கொள்கையின் சாரம்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டாது செல்லலாகாது. லிங்கன் பாடசாலைக்கு நிதி வழங்கியது றொக்பெல்லர் செல்வத்தால் இயங்கிய பொதுக் கல்விச் சபை. அங்கு பயின்றோர் பெரும்பாலும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள். மண்ணெண்ணெய் ஏகபோகத்தின் இலாபத்தில் வளர்ந்த வகுப்பறையிலே சுதந்திரச் சொல்லைப் பற்றிய கோட்பாடு பிறந்தது. அதனாற் கோட்பாடு பொய்யாகிவிடாது. ஆனால் அது யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்ற வினா இத்துறையை விட்டு அன்றுமுதல் இன்றுவரை நீங்கியதில்லை.

மத்திய மேற்கு மாநிலமாகிய அயோவாவில் நிகழ்ந்த மாற்றம் வேறு தன்மையது. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1897 முதலே செய்யுள் இயற்றும் வகுப்பு நடந்துவந்தது. 1922இல் பட்டமேற்படிப்புப் பீடாதிபதியாயிருந்த கார்ல் சீஷோர், ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாக ஆக்கப் படைப்பும் உயர்பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளப்படும் என்று அறிவித்தார். சீஷோர் இலக்கியகாரரல்லர், இசையுணர்வின் உளவியலை ஆய்வுகூடத்தில் அளந்தவர். 1930இல் அங்கு வந்த நோர்மன் போர்ஸ்டர், மொழியியல் நுணுக்க ஆய்விற் புதைந்துகிடந்த இலக்கியத் துறைகளுக்கு எதிராகக் கிளர்ந்தவர். அவருக்கு ஆக்க எழுத்து தனித்துறையன்று. மொழி, இலக்கிய வரலாறு, விமரிசனம், ஆக்கம் ஆகிய நான்கும் ஓர் இலக்கிய மாணவனின் கல்வியில் ஒருங்கே இணையவேண்டும் என்பதே அவரது திட்டம். இத்திட்டத்தின் நிழலில் 1936இல் எழுத்தாளர் பட்டறை உருவாகியது. வில்பர் ஷ்ராம் அதன் முதற் பணிப்பாளர். 1941இல் போல் எங்கிள் பொறுப்பேற்று 1965 வரையில் அதனை நடத்தினார்.

எங்கிள் காலத்தில் நான்கு கூறுகளுள் ஒன்றாயிருந்தது தனித்து நின்று தனக்கென ஒரு தொழிலாக மாறியது. இதற்குப் புறக்காரணங்கள் பல. 1944ஆம் ஆண்டின் போர்வீரர் நலச் சட்டம் போரிலிருந்து திரும்பிய இலட்சக்கணக்கானோருக்கு அரச செலவில் உயர்கல்வி வழங்கியது. 1935இல் தொடங்கிய கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்துக்கான மத்திய அரசின் ஆதரவு 1939இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பொருளாதார மந்தத்தின்போது எழுத்தாளரைத் தொழிலாளராக மதித்துச் சம்பளம் கொடுத்த அத்திட்டம் மறைந்தபின் எழுத்தாளனுக்கு ஊதியம் தரும் பெருநிறுவனமாகப் பல்கலைக்கழகமே எஞ்சியது. சிக்காகோவில் அத்திட்டத்திற் பணியாற்றிய கறுப்பினக் கவிஞர் மார்கரட் வோக்கர் 1939இல் அயோவாவுக்கு மாணவியாகச் சென்றமை தற்செயலன்று. அங்கு முதுமாணிப் பட்டத்துக்கு அவர் சமர்ப்பித்த கவிதைத் தொகுதி 1942இல் நூலாகியது. அடிமைப் பெண்ணொருத்தியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட அவருடைய நாவலும் பின்னர் அதே பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வேடாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டு 1966இல் வெளிவந்தது.

பனிப்போரின் பணமும் அயோவாவை வந்தடைந்தது. 1953க்கும் 1956க்கும் இடையில் றொக்பெல்லர் மன்றம் பட்டறைக்கு 40,000 டொலர் வழங்கியது. 1967இல், எங்கிள் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கிய ஆண்டிலே, சர்வதேச எழுத்துப் பணிகளுக்கெனப் பார்பீல்ட் மன்றத்திடமிருந்தும் நிதி பெற்றார். அது மன்றம் என்ற முகமூடி அணிந்த சி.ஐ.ஏ. கால்வாய். பெனற் இவற்றையெல்லாம் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டி, கருத்தை விலக்கிப் புலனுணர்வைப் போற்றும் பட்டறை அழகியலுக்கும் இப்பணத்துக்கும் உள்ள உறவை விளக்குகின்றார். அவருடைய வாதத்தின் பெரும்பகுதியை நாம் ஏற்கலாம். ஆயினும் பணம் கொடுத்தவன் விரும்பியபடியே எழுத்து அமையுமெனக் கொள்வது பொறிமுறைப் பார்வையாகும். 1973இல் அச்சர்வதேசத் திட்டத்திற் பங்குகொண்ட சென்னை எழுத்தாளர் அசோகமித்திரன் அவ்வனுபவத்திலிருந்து எழுதிய 'ஒற்றன்!' நாவலில், பல தேசத்து எழுத்தாளரின் தனிமையும் வறுமையும் அற்பச் சண்டைகளும் பெருந்தன்மைகளும் உண்டு. அமெரிக்காவின் புகழ்பாடலைத் தேடினாற் கிடைக்காது.

1967இல் எழுத்துத் திட்டங்களின் கூட்டமைப்பொன்றும் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய ஆர். வி. காசில் என்பவரே 1982இல், அதன் பதினைந்தாம் ஆண்டு மாநாட்டில், இனி இதனைக் கலைத்துவிட வேண்டும் என்று கூறிச் சபையைத் திகைக்க வைத்தார். எழுத்தாளர் பல்கலைக்கழகத்தின் உத்தியோகத்தராகிவிட்டனர் என்பது அவர் மனக்குறை. கூட்டமைப்புக் கலையவில்லை. முதுமாணிப் பட்டம் பெற்றோர் முதுமாணி மாணவரைக் கற்பிக்க, அவர்கள் வேறு மாணவரைக் கற்பிக்க, துறை தன்னைத்தானே மறு உற்பத்தி செய்துகொண்டது.

இப்பெருங்கதையின் ஓரத்தில் வேறொரு கதையும் நடந்தது. 1958இல் கலிபோர்ணியாவின் சிறுநகரக் கல்லூரியாகிய சிக்கோ மாநிலக் கல்லூரியில் ரேமண்ட் காவர் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். மர ஆலைத் தொழிலாளியின் மகன். அங்கு இளநிலை எழுத்து வகுப்பொன்றை, அப்போது பெயரறியப்படாத ஜோன் கார்ட்னர் நடத்தினார். வீட்டில் எழுத இடமில்லை என்பதை அறிந்த கார்ட்னர், வாரவிடுமுறையிற் பயன்படுத்துமாறு தம் அலுவலக அறையின் திறப்பைக் காவரிடம் கொடுத்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்திய அவருடைய கண்டிப்பைப் போலவே அத்திறப்பையும் காவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். எழுத்தைக் கற்பிக்கலாமா என்று வாதிப்போர், ஏழை மாணவனுக்கு ஒரு மேசையும் இரண்டு நாள் அமைதியும் கிடைப்பதும் கற்பித்தலின் பகுதியே என்பதை மறந்துவிடுகின்றனர்.

இதனிலும் பரந்த அளவில் ஒரு முயற்சி நியூ யோர்க் நகரில் நடந்தது. ஹார்லம் பகுதியிலுள்ள சிற்றி கல்லூரி 1847 முதல் இலவசக் கல்வி வழங்கிய நிறுவனம். ஆயினும் அயலிலிருந்த கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மக்களின் பிள்ளைகள் அங்கு மிகச் சிலரே. 1960களின் நடுப்பகுதியில் 'சீக்' என்ற திட்டத்தின் கீழ் அவர்களுட் சிலர் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கு அடிப்படை எழுத்தைக் கற்பித்தோர் பட்டியலைப் பார்ப்பின் வியப்பு மேலிடும்: டோனி கேட் பம்பாரா, ஜூன் ஜோர்டன், ஓட்ரே லோர்ட், ஏட்ரியன் றிச். 1969 வசந்தகாலத்தில் மாணவர் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். அதன் விளைவாக 1970இல் திறந்த அனுமதி நடைமுறைக்கு வந்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அவ்வாசிரியர்கள் இலக்கணத் திருத்தத்தையும் கவிதையையும் வெவ்வேறு அறைகளில் வைக்கவில்லை. அத்திட்டத்தின் எழுத்துப் பகுதியை நெறிப்படுத்திய மினா ஷோனசி, மாணவரின் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஆராய்ந்து, பிழைகள் அறியாமையின் குப்பையல்ல, அவற்றுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் உண்டு என்று 1977இல் நூலெழுதி நிறுவினார். ஆனால் அந்நூல் வருமுன்னரே நகரின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி 1976இல் கட்டணம் விதிக்கப்பட்டுவிட்டது. கறுப்பின மக்கள் உள்ளே வந்து ஆறாண்டுகளில் இலவசக் கல்வியின் கதவு அடைபட்டமை தற்செயல் நிகழ்வென்று எவரும் எம்மை நம்பவைக்க முடியாது.

இப்பின்னணியிலேயே இன்றைய துணைப்பாடத்தை நோக்குதல் வேண்டும். பொதுவாக ஐந்து அல்லது ஆறு பாடநெறிகள். அறிமுக வகுப்பொன்று, கவிதை, புனைகதை, கட்டுரை ஆகியவற்றுட் சிலவற்றிற் பட்டறைகள், இலக்கிய வாசிப்புப் பாடம் ஒன்றிரண்டு என்பதே அதன் கட்டமைப்பு. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின் பின்னர் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகக் கற்போர் தொகை பெரிதும் வீழ்ந்தது. அடுத்துவந்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. கடன்பட்டுப் படிக்கும் மாணவன் வேலை தரும் பாடத்தையே முதன்மையாகக் கொள்ளுமாறு நிர்ப்பந்திக்கப்படுகின்றான். கணினியியலோ தாதியியலோ அவனுடைய முதன்மைப் பாடமாக, கதை எழுதும் ஆசை துணைப்பாடமாகின்றது. மாணவர் தொகையைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்ள ஆங்கிலத் துறைகளுக்கும் இது வாய்ப்பாகின்றது. ஆய்வுகூடம் வேண்டா, உபகரணம் வேண்டா, குறைந்த ஊதியத்திற் பருவந்தோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பகுதிநேர விரிவுரையாளர் இருந்தாற் போதும். முதுமாணிப் பட்டறைகள் உற்பத்தி செய்த பட்டதாரிகளிற் பலர் இவ்வாறே உழைப்புச் சந்தையிற் குவிந்துள்ளனர்.

கற்பித்தல் முறையிலும் குறையுண்டு. எழுதியவன் வாய்மூடியிருக்க ஏனையோர் அவன் படைப்பைத் துருவும் வழக்கம் அயோவாவில் உருவான முதுமாணி வகுப்புக்குரியது. அது ஆராயப்படாமலே இளநிலை வகுப்புக்கும் இறக்கப்பட்டது. பெரும்பான்மையினரின் இரசனையே அளவுகோலாகும் அறையில் சிறுபான்மை மாணவன் தன் பாட்டியின் உணவுக்கும் வழிபாட்டுக்கும் அடிக்குறிப்பு எழுதவேண்டியவனாகின்றான். ஜூனோ டியாஸ் 2014இலும் மத்தியூ சலசஸ் 2021இலும் இதனைக் கடுமையாக விமரிசித்து எழுதினர். வாசிப்பின்மை மற்றொரு குறை. இலக்கிய வரலாற்றினின்றும் பிரிந்த பட்டறையில் மாணவன் தன் வகுப்பறை நண்பர்களையே முன்னோடிகளாகக் கொள்ள நேர்கின்றது. போர்ஸ்டர் இணைக்க விரும்பிய நான்கினுள் மூன்று கழன்றுவிட்டன என்பது மிகையன்று.

ஆயினும் வேறுவிதமாகச் செய்யமுடியும் என்பதற்குச் சான்றுண்டு. சிற்றி கல்லூரியிற் கற்பித்த ஜூன் ஜோர்டன் 1991இல் பேர்க்லி வளாகத்தில் 'மக்களுக்கான கவிதை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அது ஆங்கிலத் துறையிலன்றி ஆபிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறையில் வேர்கொண்டது. எப்பீடத்து மாணவரும் சேரலாம். கற்றவர் அடுத்த பருவத்தில் வகுப்பில் உதவி ஆசிரியராகினர். பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சிறைக்கும் சென்று கவிதை கற்பித்தனர். மேர்ன்ஸின் கோட்பாடு லிங்கன் பாடசாலையின் வர்க்க எல்லையைத் தாண்டிய இடங்களுள் இது ஒன்று.

எம்முடைய பல்கலைக்கழக மரபு இதனின்றும் வேறுபட்டது. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் இலண்டன் மாதிரியைப் பின்பற்றியது. பிரித்தானியாவிலேயே ஈஸ்ட் ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் மல்கம் பிராட்பெரியும் அங்கஸ் வில்சனும் 1970இற்றான் முதுமாணி நிலையில் இத்துறையைத் தொடங்கினர். ஆகவே ஆக்க எழுத்து இங்கு பாடமாகவில்லை; புள்ளியோ அலகோ அதற்கு இருக்கவில்லை. யாப்பிலக்கணம் கற்றவன் செய்யுள் இயற்றியும் பழகவேண்டும் என்றிருந்த எமது பழைய மரபும் நவீன பாடவிதானத்திற் கைவிடப்பட்டது. ஆனால் பாடமாகாதது சங்கமாகியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரே மேடையேற்றினர். 'நானாடகம்' 1940இலும் 'இருநாடகம்' 1952இலும் நூலாயின. 1960களிற் பேராதனை மாணவர் 'கதைப்பூங்கா', 'விண்ணும் மண்ணும்', 'காலத்தின் குரல்கள்' எனத் தம் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அம்முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர் க. குணராசா. அவர் அங்கு கற்றது தமிழன்று, புவியியல். செங்கை ஆழியான் என்ற பெயரில் அவர் பின்னர் எழுதிய 'வாடைக்காற்று' நாவலில், வாடை பெயரும் பருவத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்து மீன்பிடிப்போரின் வாழ்வும் காதலும் பகையும் அக்காற்றின் வரவோடு தொடங்கி அதன் போக்கோடு முடிகின்றன.